ரமணனின் நான்கு கோப்புகள்

ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத வேண்டும். எழுதாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும். 2006 ஆகஸ்ட் முதல் தேதி கீதாஞ்சலி அனுப்பிய மின்னஞ்சலின் கடைசி வரி இது. அந்த உலகத்தில் இப்படி எழுதுவது வழக்கம்தான். ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சேர்ந்து நிரல் எழுதுகிறவர்களிடம் வேறு எப்படித்தான் முடிவு கேட்பது?

கேட்க வேண்டியிருந்தது நௌகாவைப் பற்றி. வங்காளத்தில் நௌகா என்றால் படகு; இது ஒரு கேம் எஞ்சின். கம்ப்யூட்டர் விளையாட்டு எதற்கும் அடியில் இருந்து ஓடுவது. திரையில் படம் காட்டுவது, சத்தம் கொடுப்பது, ஒரு பொருள் இன்னொன்றில் மோதினால் நிறுத்துவது எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். 1999இல் கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கீதாஞ்சலியும் ரமணனும் தொடங்கியது. ஓப்பன் சோர்ஸ் என்பதால் யாரும் எடுக்கலாம், மாற்றலாம். ஆனால் அதில் செய்த விளையாட்டை வெளியிட்டால், அந்த விளையாட்டின் நிரலையும் எல்லாருக்கும் திறந்து காட்டியாக வேண்டும். அந்த நிபந்தனையைப் போட்டவன் ரமணன்.

அதனாலேயே ஏழு வருஷமாக ஒரு கம்பெனியும் கிட்டே வரவில்லை. இப்போது கல்கத்தாவிலேயே சால்ட் லேக் பகுதியிலிருந்து ஒன்று வந்திருந்தது. நிபந்தனையைத் தளர்த்தினால் நௌகாவில் விளையாட்டுச் செய்வார்கள். அதைக் கவனிக்கவென்றே கீதாஞ்சலியை வேலைக்கும் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் அவள் வங்கிகளுக்கு மென்பொருள் எழுதும் இப்போதைய வேலையிலேயே கிடக்க வேண்டும். நௌகா ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு விடும். கொஞ்ச நாளில் அதுவும் நின்றுவிடும். தளர்த்துவதென்றால், ஒரே ஒரு வரி எழுதியவர்கூடச் சம்மதிக்க வேண்டும். அவளைத் தவிரப் பதினேழு பேர்.

பதில்கள் வந்தன. "யாரும் தொடாத எஞ்சினுக்குச் சுதந்திரம் இருந்தென்ன, போயென்ன?" என்றார் போலந்துக்காரர் ஒருவர். பிரேசில்காரர் ஒருவர் தன் பங்கை எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, முதலில் ஒரு ஒழுங்கான கையேடு எழுது, உள்ளே நுழைந்தவன் வெளியே வர வழி தெரியாமல் நிற்கிறான் என்று திட்டியிருந்தார். இரண்டு பேர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்கள். பதினைந்தாம் நாள் பதினாறு பேர் ஆயிற்று. ரமணன் மட்டும் எழுதவில்லை.

அவன் எழுதாதது அவளுக்கு நிம்மதியாகவே இருந்தது. மார்ச் மாதம் இந்தப் பேச்சை முதலில் எடுத்தபோது அவன் கூடாது என்றான். அதற்கு அவள் எல்லார் முன்னிலையிலும் பதில் போட்டாள்: "மூன்று வருஷமாக ஒரு வரிகூட எழுதாதவர் கருத்துச் சொல்லலாம், முடிவு சொல்ல முடியாது." அதன்பின் அவன் வாயே திறக்கவில்லை. சரி, ஒதுங்கிக்கொண்டான் என்று நினைத்தாள். பதினாறாம் நாள், அனைவரும் சம்மதம் என்று அறிவித்துவிட்டாள்.

கம்பெனியின் சுந்தரராஜன் அத்தோடு விடவில்லை.

"என்னம்மா கீதா, பேசாம இருந்தா சம்மதம்னு எங்க வக்கீல் ஒத்துக்க மாட்டேங்கறார். அது பொண்ணு பார்க்கப் போற இடத்துலதான் செல்லுமாம்! மோதல் பகுதி முழுக்க அந்த ரமணன் எழுதினதுதானே? உள்ளூர் ஆள்தானே? ஒரு கையெழுத்து வாங்கிண்டு வந்துடு."

செப்டம்பர் பத்தாம் தேதி காலை, காளிகாட்டில் மெட்ரோவை விட்டு இறங்கி, லேக் மார்க்கெட்டின் வாழையிலைக் கட்டுகளைத் தாண்டி, ரமணன் வீட்டு மாடிப்படி ஏறி மணியை அடித்தாள். கதவைத் திறந்தவர் ரமணனின் அப்பா மஹாதேவன். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருஷம் ஆயிற்று. தலையை மழித்திருந்தார். முடி இப்போதுதான் துளிர்த்துக்கொண்டிருந்தது.

"இப்பவாவது வந்தியே. உன் பவானிபூர் விலாசத்துக்குக் கார்டு போட்டேன்."

"நாங்க வீடு மாறிட்டோம், மாமா."

அவராகவே சொன்னார். "ஆகஸ்ட் பதினாலு போயிட்டான். மூணு வருஷமா வாரத்துக்கு ரெண்டு தரம் டயாலிஸிஸ். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டான். கையில ஊசி குத்திக் குத்தி, கீபோர்டுல ரொம்ப நேரம் விரல் வைக்க முடியலை."

மூன்று வருஷம். கீதாஞ்சலி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். அவர் தண்ணீர் கொண்டுவந்தார். பையிலிருந்து எட்டிப் பார்த்த காகிதத்தை அவரே கவனித்து, என்ன என்று விசாரித்தார். அவள் தடுமாறிச் சொல்லி முடித்தாள். இப்போது வாரிசாகக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான்.

"அப்போ அவன் செஞ்சதுக்கு ஒரு மதிப்பு இருக்குங்கறே!" அவர் முகம் சட்டென்று மாறியது. "கண்ட பொம்மை விளையாட்டுன்னு நான் எவ்வளவு திட்டியிருக்கேன். அவனுக்கு இதுல சம்மதம்தானே?"

"மறுப்பு எதுவும் எழுதலை, மாமா."

"அவன் பேர் போடுவாளோ?"

"போடுவா."

ஆபீஸ் கோப்பில் போடுவது போல முழுப்பெயர் எழுதி, அடியில் தேதியும் போட்டுக் கொடுத்தார். பிறகு தயங்கினார். "எனக்கு ஒரு உபகாரம் பண்ணு. மாட்டி வைக்க நல்ல போட்டோ ஒண்ணு வேணும். அவன் கம்ப்யூட்டருக்குள்ளதான் இருக்கு. எனக்கு அதைத் தொடவே தெரியாது."

அவள் கம்ப்யூட்டரைப் போட்டாள். கடைசியாக அணைத்தபோது திறந்திருந்தது அப்படியே திரும்ப எழுந்தது: அனுப்பாத மின்னஞ்சல். ஆகஸ்ட் பன்னிரண்டு. அவளுக்கு.

"எனக்குச் சம்மதம் இல்லை. கோபத்தில் சொல்லவில்லை. மோதல் பகுதியில் என் நான்கு கோப்புகளையும் எடுத்துவிட்டு நீயே புதிதாக எழுதிக்கொள். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். நீ தடுக்கி விழப்போகும் இடங்கள்:

1. வேகமாக வரும் படகு கரையைத் தாண்டிப் போய்விடும். ஒரு நொடிக்கும் அடுத்த நொடிக்கும் நடுவிலும் பார்.

2. படித்துறையில் நிற்கும் படகு நடுங்கும். சிறிய அசைவுகளை விட்டுவிடு.

3. இரண்டு படகுகள் நேருக்கு நேர்"

அதோடு நின்றிருந்தது.

"கிடைச்சுதா?" என்றார் மஹாதேவன் பின்னாலிருந்து.

"இதோ, மாமா." கடிதத்தைத் தன் முகவரிக்கு அனுப்பினாள். பிறகு ரமணன் சிரிக்கும் படம் ஒன்றைத் தேடி எடுத்தாள். கடிதத்தைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் சுந்தரராஜனுக்கு ஃபோன் செய்து, ரமணன் இறந்துபோனதைச் சொல்லி, அவன் பகுதியைத் தானே புதிதாக எழுத மூன்று மாதம் தவணை கேட்டாள்.

"கையெழுத்து இருக்கா, இல்லையா?"

"இருக்கு சார்."

"அப்புறம் என்ன?"

"அவன் வேண்டாம்னுட்டான்."

"யாரு? செத்துப்போனவனா? என்னம்மா விளையாடறியா?"

"சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எழுதியிருக்கான். அனுப்பத்தான் முடியலை. பதில் வரலைன்னா சம்மதம்னு நான்தான் முடிவு கட்டிட்டேன்."

"நல்ல பொண்ணுதான் நீ. ஆனா துர்கா பூஜைக்கு முன்னாடி நாங்க வேலையை ஆரம்பிச்சாகணும்" என்றார். அடுத்த வாரமே வெளிநாட்டு எஞ்சின் ஒன்றை வாங்கிவிட்டார்கள் என்று தெரிந்தது.

கீதாஞ்சலி அறிவிப்பைத் திரும்பப் பெற்றாள். காரணத்தை எழுதினாள். மார்ச் மாதம் தான் போட்ட அந்தப் பதிலையும் ஒரு எழுத்து விடாமல் அடியில் சேர்த்தாள். யாரும் திட்டவில்லை. போலந்துக்காரர் மட்டும், தெரியாமல் போயிற்றே என்று ஒரு வரி எழுதினார்.

பூஜைப் பந்தல்களுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி போய்விட்டாலும் அவன் சொன்னபடியே அவள் நான்கு கோப்புகளையும் நீக்கினாள். அவன் சொன்ன முதல் இரண்டையும் தன் கையால் எழுதி முடிக்க மாலையாயிற்று. கல்லூரி நாளில் இருவரும் செய்த சின்னப் படகு விளையாட்டை ஓடவிட்டாள். படகு கரையில் நின்றது. படித்துறையில் நடுங்காமல் நின்றது.

பிறகு இரண்டு படகுகளை எதிரெதிரே விட்டாள். மூன்றாவதை அவன் எப்படிச் செய்திருந்தான் என்று பழைய கோப்பைத் திறந்து பார்க்கலாம். பார்க்கக் கூடாது, பார்த்து எழுதினால் அது அவனுடையதுதான். படகுகள் நெருங்கி வந்தன. ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எதையும் தொடாமல், இரண்டும் தங்கள் தங்கள் திசையில் போய் மறைந்தன.