கருகாத போர்டு

அவளைக் கூப்பிட அக்காள் புருஷன் வரவில்லை. மீட்டரைத்தான் அனுப்பினான். அவன் நடத்தும் எலக்ட்ரானிக்ஸ் பட்டறையில் போர்டுகளைச் சோதிக்கிறவனுக்கு அதுதான் பெயர். மல்டிமீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே சாப்பிடுவான்.

“சிப்புல புரோகிராம் ஏத்துற போர்டைக் கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்குதுக்கா. இந்த ஆர்டருக்குன்னு வாங்கின புதுப் போர்டுதான், இதுவும் பழசு மாதிரி அதே கதை. துணி ஃபேக்டரி மெக்கானிக் வந்து உக்காந்திருக்கார். சிப்பு இல்லாம இருபது தையல் மெஷின் நிக்குதாம்.”

“நான் கருக்கினதாச் சொன்னாரே, அந்தப் போர்டு எங்கே?”

“அலமாரியில தூங்குது.”

“எடுத்து மேஜைல வை. வரேன்.”

எட்டு மாதத்துக்கு முன்பும் இதே கோளாறுதான். கம்ப்யூட்டரையும் போர்டையும் இணைக்கிற வயரை மாற்றிப் பாருங்கள் என்று அவள் சொன்னாள். மூன்று முறை மாற்றினார்கள். மூன்றும் அக்காள் புருஷன் மலிவாக மொத்தமாக வாங்கிப் போட்ட ஒரே பெட்டியிலிருந்து எடுத்தவை. போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. “கரண்டு போகுது, வயர் நல்லாத்தான் இருக்கு. உன் கைதான் சரியில்ல. கருக்கிட்டே,” என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லி வெளியே அனுப்பினான். அந்தத் தெருவில் இன்னும் நான்கு பட்டறைகள். வேலை கேட்டு நான்கிலும் ஏறி இறங்கினாள். அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஈயம் வைத்த விரல்களால் இப்போது அட்டைப்பெட்டி ஒட்டுகிறாள்.

அவன் மொத்தமாக வாங்கிய வயர்களில் ஒன்று அவள் பையிலும் கிடந்தது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் போனில் இருந்த படங்களை அதைப் போட்டு எடுக்கப் பார்த்தாள். போனுக்குச் சார்ஜ் ஏறியது, படம் வரவில்லை. வயரை அறுத்தாள். உள்ளே இரண்டே கம்பி. விளக்கு எரிய அது போதும். கம்ப்யூட்டரோடு பேச இன்னும் இரண்டு வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு போர்டு வாங்கட்டும், அதுவும் படுக்கட்டும் என்று இரண்டு மாதம் பொறுத்திருந்தாள்.

பட்டறையில் அவன் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். “வாம்மா, வா. குடும்பத்து ஆளு மாதிரி வருமா?”

“என்ன பண்ணிப் பார்த்தீங்க முதலாளி?”

“அத்தான்னு கூப்பிடேன். டிரைவர் மூணு தரம் ஏத்தியாச்சு. கம்ப்யூட்டரையே மாத்தியாச்சு. வயரும் மாத்தியாச்சு.”

“ஓ, வயரும் மாத்தியாச்சா,” என்றாள். பழைய போர்டை எடுத்துத் தூசி ஊதினாள். “இது கருகினதுதானே? நான் வச்சுக்கவா?”

“குப்பைம்மா அது. எடுத்துக்கோ.”

“சார், நீங்களும் கேட்டுக்கோங்க,” என்றாள் மெக்கானிக்கிடம்.

தான் வாங்கி வந்த நான்கு கம்பி வயரை எடுத்து அந்தக் ‘குப்பை’ப் போர்டில் செருகினாள். டிங் என்றது கம்ப்யூட்டர். திரையில் போர்டின் பெயர் வந்து நின்றது. மீட்டர் வாயைப் பிளந்தான்.

மெக்கானிக் சிரித்துவிட்டார். “நல்லா இருக்கிற போர்டையா எட்டு மாசம் அலமாரிக்குத் தின்னக் கொடுத்தீங்க?”

“என்ன பண்ணினே? என்னதான் பண்ணினே?” அக்காள் புருஷன் குனிந்து குனிந்து பார்த்தான். அவள் வயரைப் பிடுங்கிச் சுருட்டினாள்.

“சார், புரோகிராம் உங்க பென் டிரைவ்லதானே இருக்கு? உங்க ஃபேக்டரியிலயே ஏத்தித் தரேன்.”

“எனக்கு மெஷின் ஓடணும். யார் ஏத்தினா என்ன?” மெக்கானிக் சிப்பு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

அவன் அவசரமாகப் பெண்டாட்டிக்குப் போன் போட்டு இவள் காதில் வைத்தான்.

“விட்டுக்கொடுடி,” என்றாள் அக்காள். “நீ கருக்கியிருக்க மாட்டேன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அன்னைக்கே தெரியுமா?”

“அவர்கிட்ட எப்படிச் சொல்றது, நீயே சொல்லு.”

அதுவரை அவள் மனசின் ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் ஈரம் இருந்தது. அதுவும் போயிற்று. போனை அவன் கையில் திணித்துவிட்டுப் படியிறங்கினாள்.

ஃபேக்டரியில் எட்டாவது சிப்பு ஏறும்போது மெக்கானிக்கின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார். அக்காள் புருஷன்தான்.

“சார், என்ன கோளாறுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கு இன்னொரு பார்ட்டி வருது. அவளை வேலைக்கே எடுத்துக்கிறேன்.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நம்ம தெருவுல நாலு பட்டறை இருக்கு முதலாளி. ஒவ்வொண்ணா ஏறி, போர்டை அவ கருக்கலை, நான் பொய் சொல்லிட்டேன்னு சொல்லிட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்.”

“அவங்க முன்னாடியா? என் மானம் என்னத்துக்கு ஆகும்?”

“நான் அட்டைப்பெட்டி ஒட்டினேன். நீங்க என்ன பண்ணுவீங்களோ, உங்க பாடு.”

 “பார்ட்டி காலையிலயே வந்துரும். சரி, மொதல்ல எந்தப் பட்டறை?” என்றான்.

“எதுவானாலும் சரி. நாலு பேருக்கும் போன் பண்ணிக் கேட்பேன்,” என்று சொல்லிவிட்டு ஒன்பதாவது சிப்பை எடுத்தாள்.