குடங்களின் பொதுக்குழு

திண்டுக்கல்லில், சாயங்காலமானால் மலைக்கோட்டையின் நிழல் வந்து விழும் ஒரு தெருவில், சென்ற சித்திரை மாதம் தண்ணீர்க் குடங்கள் பொதுக்குழு கூட்டித் தங்களைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டன. அன்று தக்காளி விலை சற்று இறங்கியிருந்தது.

அந்தத் தெருக் குழாயில் வாரம் ஒருமுறைதான் தண்ணீர் வரும். முந்தின நாளே ஆளுக்கொரு குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். குடம் இல்லாதவர்கள் செங்கல்லோ பிய்ந்த செருப்போ வைப்பார்கள். அதற்கும் அதே மரியாதைதான். ஓய்வுபெற்ற அரசியல் அறிவியல் பேராசிரியர் ஜெரோம் அங்கே குடிவந்த அன்று இந்த வரிசையைப் பார்த்து மெய்சிலிர்த்தார். வேலைக்காலம் முழுக்க அவர் நடத்திய கோட்பாடுகள் ஊரில் ஒரு சாக்கடை மூடியைக்கூட நகர்த்தியதில்லை. இங்கோ பிரதிநிதித்துவம் கண்ணெதிரே நின்றது, அதுவும் பிளாஸ்டிக்கில். உடனே குழாயடியில் உரையாற்றினார்: பிரதிநிதி என்பவர் அனுப்பியவர்களின் ஏவலாள் அல்ல, சொந்த அறிவின்படி நடக்கவேண்டியவர். ஆட்கள் பாதியிலேயே சீரியல் பார்க்கப் போய்விட்டார்கள். குடங்கள் கடைசிவரை கேட்டன; அன்றிரவே பொதுக்குழுவைக் கூட்டின.

மறுநாள் தண்ணீர் வந்தது, குடங்கள் நிறைந்தன. வீட்டில் கொண்டுபோய்ச் சாய்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. தலைகீழாகக் கவிழ்த்தாலும் தண்ணீர் உள்ளேயே நின்றது. காதை வைத்துக் கேட்டவர்களுக்கு ஆலோசனை நடக்கும் சத்தம் கேட்டது. அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்து, தண்ணீர் சேதாரம் அறவே இல்லை என்று பாராட்டினார். ஆடி பிறப்பதற்குள் அது 'பங்கேற்பு நீர் மேலாண்மைத் திட்டம்' ஆகிவிட்டது. சாணார்பட்டியிலிருந்தும் சேவுகம்பட்டியிலிருந்தும் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். ஜெரோமின் படம் பேப்பரில் வந்தது. தெரு லாரித் தண்ணீரில் காலம் தள்ளியது.

கடைசி வீட்டு வியாகுலம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவர். லாரித் தண்ணீர் வாங்கினால் அவருக்கு ஒன்றும் மிஞ்சாது. வாடிக்கைகளோ ஒவ்வொருவராகப் பாக்கெட் மாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தன் பச்சைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பேராசிரியர் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"சார், ஒங்க பேச்சக் கேட்டுத்தான் இது இப்புடி வெறச்சுக்கிட்டு நிக்குது. நீங்களே ரெண்டு வார்த்த சொல்லி எறக்கி விடுங்க. அரிசி ஊறப்போடணும்."

"வற்புறுத்தக் கூடாதும்மா. அஞ்சு வருஷம் பொறுங்க, அடுத்த தேர்தல்ல பாக்கலாம்."

"அஞ்சு வருசமா? எம் மாவு அஞ்சு நா தாங்காது சார்!"

ஜெரோம் நல்ல மனிதர். உதவி செய்யத்தான் அதிகாரப் பிரிவினை பற்றி இன்னோர் உரை நிகழ்த்தினார். அதன்பிறகு, கொடுப்பது மட்டுமே தன் வேலை என்றது குழாய். வைத்திருப்பது மட்டுமே தன் வேலை என்றது குடம். ஊற்றுவது யார் பொறுப்பு என்று இரண்டுக்கும் தெரியவில்லை. வியாகுலம்மாள் பச்சைக் குடத்தை நடுரோட்டில் ஓங்கி அடித்தார். குடம் உடைந்தது. தண்ணீர் குடத்தின் வடிவிலேயே கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டுச் சாக்கடைக்குப் போனது.

அடுத்த வாரம் வரிசையில் வைக்க அவரிடம் குடம் இல்லை. அரைச் செங்கல் ஒன்றை வைத்தார். தண்ணீர் வந்ததும் வீட்டிலிருந்து அண்டாவைக் கொண்டுவந்து பிடித்தார். வரிசையில் நின்றே பழக்கமில்லாத அண்டா எந்த உரையையும் கேட்டிருக்கவில்லை, சாய்த்ததும் ஊற்றிவிட்டது.

"ஏ வியாகுலம், கல்லையா நிறுத்திருக்க?" என்றார் பக்கத்து வீட்டு அங்காளம்மாள்.

"ஆமாத்தா. வயிறு இல்லாத ஆளாப் பாத்து நிறுத்திருக்கேன்."

அதற்கடுத்த வாரம் தெரு முழுக்கச் செங்கல்தான். திட்டத்தின் பெயரில் ஒரு சொல்லை மாற்றினார்கள்; வெற்றி அறிக்கை அப்படியே இருந்தது. முன்னாள் குடங்கள் மொட்டைமாடிகளில் ததும்பத் ததும்ப நிற்கின்றன. காக்கைகூட அவற்றை எதிர்பார்ப்பதில்லை.

ஜெரோம் மட்டும் கோட்பாட்டைக் கைவிடவில்லை. அவருடைய நீலக் குடம் இன்றும் வரிசையில் முதலில் நிற்கிறது. அவர் பேசியதை முழுதாகப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான். தண்ணீர் வரும் நாளில் அவர் செம்போடு கடைசி வீட்டுக்கு வருவார்.

"என்ன சார், ஒங்க ஆளு இன்னும் முடிவெடுக்கலையா?"

"விவாதம் போயிட்டிருக்கும்மா" என்று செம்பை நீட்டுவார். வியாகுலம்மாள் அண்டாவிலிருந்து மொண்டு ஊற்றிவிட்டு, மாவாட்டப் போய்விடுவார்.