அவிட்டம் கழியட்டும்

தேவசேனா முதல் தடவை போன் பண்ணி, "அய்யா எப்படி இருக்காங்க?" என்று கேட்டபோது ஜோசப்பினுக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்தக்காரர்கள்கூட அப்படிக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. வீட்டை வாங்க வந்தவள், இன்னும் பத்திரம்கூட முடியவில்லை, விடிந்ததும் நினைத்துக்கொண்டு கேட்கிறாளே என்று மனம் இளகிப்போனாள்.

ஜோசப்பினும் இருதயசாமியும் செண்பகனூருக்கு மேலே, சாலையிலிருந்து இறங்கிப்போகும் சரிவில், இரண்டு அறை உள்ள ஒரு வீட்டில் இருந்தார்கள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அவள் அதே பள்ளிக்கூடத்து விடுதியில் பிள்ளைகளின் துணிமணிகளைப் பார்த்துக்கொண்டவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. மலைக் குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது, கீழே எங்காவது போய்விடுங்கள் என்று டாக்டர் சொன்னதால், வத்தலக்குண்டில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டு இந்த வீட்டை விற்கத் துணிந்தார்கள்.

வாங்க வந்தவர்கள் பழனிக்காரர்கள், செந்தில்வேலும் அவர் மனைவி தேவசேனாவும். ஆனியில் ஒப்பந்தம் எழுதி முன்பணம் கொடுத்தார்கள். ஆடியில் எதுவும் செய்ய மாட்டார்கள் என்பதால், ஆவணியின் முதல் முகூர்த்தத்தில் பத்திரம் என்று பேச்சு.

ஒப்பந்தம் எழுதிய மறு வாரமே இருதயசாமி இரத்தமாக இருமினார். மதுரைக்குக் கொண்டுபோனார்கள். முன்பணம் அங்கேயே கரைந்தது. இது குளிர் செய்த வேலை இல்லை என்று சொன்னார்கள். இனி எங்கே வைத்திருந்தாலும் ஒன்றுதான் என்றும் சொன்னார்கள்.

"ஒண்ணுதானா? அப்ப என் கட்டில்ல போய்ப் படுத்துக்கிறேன். வெரசா கெளம்பு," என்றார் இருதயசாமி.

அவர் கேட்டது அது ஒன்றுதான். ஆவணி வரைக்கும் வீடு நம்முடையதுதானே, அதற்குள் எப்படியும் என்று நினைக்க ஆரம்பித்த ஜோசப்பின், அந்த நினைப்பைப் பாதியிலேயே கடித்து நிறுத்தினாள்.

வாங்குகிறவர்கள் இரண்டு பேரும் பெரிய அவசரக்காரர்கள். வாரத்துக்கு ஒரு முறையாவது மலை ஏறி வந்துவிடுவார்கள். செந்தில்வேல் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடுவார். மழை பெய்தால் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கென்றே குடையோடு வந்து நிற்பார். தேவசேனா சமையலறைச் சுவரைச் சாணால் அளப்பாள். போன வாரம் அளந்ததையே மறுபடியும் அளப்பாள்.

"தம்பி, வீட்டை நான் மடியில கட்டிக்கிட்டுப் போயிர மாட்டேன்," என்று கட்டிலில் இருந்தபடியே இருதயசாமி சொல்வார். செந்தில்வேல் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பார்.

அவர்களை அதற்குள் திட்டிவிடாதீர்கள். அவர்கள் பட்டதும் கொஞ்சம் இல்லை. பழனி அடிவாரத்தில் இருந்த கடையை விற்றுவிட்டு, மலைமேல் ஒரு வீடு வாங்கி, வருகிற பயணிகளுக்கு ஒரு அறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்கலாம் என்று கிளம்பியவர்கள். கூக்காலில் ஒருவன் முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு ஆளுக்கு விற்றான். பண்ணைக்காட்டில் பார்த்த வீட்டுக்கு அண்ணன் தம்பி சண்டை வந்து, கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் போயிற்று. இப்போது தேவசேனாவின் அண்ணன் வீட்டு மாடியில் இருக்கிறார்கள். கீழே அண்ணி பாத்திரத்தை டம்மென்று வைக்கும் சத்தம் ஒவ்வொன்றும் தன்னைப் பார்த்துச் சொல்வதுபோல் இருக்கிறது என்று ஒருநாள் ஜோசப்பினிடம் சொல்லி அழுதிருக்கிறாள் அவள்.

அதனால்தான் தேவசேனா தினமும் காலையில் போன் பண்ண ஆரம்பித்தபோது ஜோசப்பின் அதைப் பாசமாகவே எடுத்துக்கொண்டாள். "கஞ்சி குடிச்சாங்களா?", "மூச்சு எப்படி இருக்கு?", "டாக்டர் எதாச்சும் சொன்னாரா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"நல்ல சனங்க," என்றாள் ஜோசப்பின் கணவரிடம்.

"அந்தப் பிள்ள வந்தா பை நெறையப் பேரிக்கா குடுத்து விடு," என்றார் அவர்.

ஆடி பிறந்து, மலை முழுக்கத் தூறலும் காற்றுமாக இருந்த ஒரு மத்தியானம், இருவரும் காரில் வந்து இறங்கினார்கள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றார்கள்.

"அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் செந்தில்வேல். "நாளைக்கு அவிட்டம் பாதி தாண்டுது."

"என்ன தாண்டுது தம்பி?"

தேவசேனா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "நட்சத்திரம்க்கா. அவிட்டம் பின்பாதி, சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இந்த அஞ்சுல வீட்டுக்குள்ள ஒரு உசுரு போச்சுன்னா, அடைப்புன்னு சொல்லுவாங்க. ஆறு மாசத்துக்கு வீட்டைப் பூட்டிப் போட்டுறணும். அடுப்பு பத்த வைக்கக் கூடாது, யாரும் குடியிருக்கக் கூடாது."

"நாங்க வேதக்காரங்க தாயி. எங்களுக்கு அதெல்லாம் இல்லையே."

"சாவுக்கு வேதம் தெரியுமாக்கா? வீடு ஒண்ணுதான? நாளைக்கு அதுல குடியிருக்கப்போறது நாங்கள்ல?"

ஜோசப்பின் அவளையே பார்த்தாள். கஞ்சி குடித்தாரா, மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்ட காலைகளெல்லாம் ஒவ்வொன்றாக வந்து எதிரே நின்றன.

"அய்யாவ அஞ்சு நாளைக்கு மட்டும் ஆஸ்பத்திரில வச்சிருப்போம்," என்றார் செந்தில்வேல். "கார் கொண்டாந்துருக்கேன். செலவ நாங்க பாத்துக்கிறோம்."

"அவரு அவரு கட்டில்லதான் இருப்பாரு."

"அப்ப அந்த நாளுக்குள்ள ஏதாச்சும் ஆயிருச்சுன்னா எங்களுக்கு வீடு வேணாம்மா. முன்பணத்தத் திருப்பிக் குடுத்துருங்க." இதைச் சொல்லும்போது அவர் வாய் கோணிக்கொண்டது. மிரட்டுகிறவர் முகமாக இல்லை. அடி வாங்கப்போகிறவர் முகம்போல் இருந்தது.

திருப்பிக் கொடுக்க ஜோசப்பினிடம் என்ன இருக்கிறது? "அஞ்சு நாள எங்கிட்ட விட்டுருங்க. நான் பாத்துக்கிறேன்," என்றாள், என்னவோ அடுப்பில் இருக்கும் பாலைப் பார்த்துக்கொள்கிறவள் மாதிரி.

"யாரு, நம்ம பிள்ளைகளா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வாசல்லயே நிக்க வச்சிருக்கியே, டீ போட்டுக் குடு."

மறுநாள் வெள்ளனே இருதயசாமி அவளைக் கூப்பிட்டார். "ஜோசப்பினு, சாமியாரக் கூட்டிட்டு வரச் சொல்லு. வாய் இருக்கும்போதே பாவத்தையெல்லாம் அவருகிட்டச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் பண்ணிக்கிறேன். அப்படியே எண்ணெயும் பூசிரட்டும்."

அவள் கையில் இருந்த தம்ளர் நின்றுவிட்டது. அவர்கள் குடும்பத்தில் யாரும் அதை வெளியே சொல்வதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். சாகக் கிடப்பவருக்குச் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப் பூசுதல் ஆனால் போய்விடுவார்கள். அவள் மாமியார் அப்படித்தான் போனாள். கொழுந்தனார் நெற்றியில் பூசிய எண்ணெய் காய்வதற்குள் போனார். உடம்பு அதற்காகத்தான் காத்துக் கிடக்கும். எண்ணெய் பட்டதும் பிடியை விட்டுவிடும்.

"சாமியார் கூக்காலுக்குப் பூசைக்குப் போயிருக்காராம்," என்றாள்.

"எப்ப வருவாரு?"

"ரெண்டு மூணு நாளாகும்போல. அவருகிட்ட அப்படி என்ன சொல்லப்போறீங்க? எங்கிட்டச் சொல்லுங்க."

"உனக்கில்லடி. அவருக்கு," என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது.

அடுத்த நாளும் கேட்டார். அதற்கு அடுத்த நாளும் கேட்டார். "கூக்கால் என்ன அமெரிக்காவுலயா கெடக்கு? வேன் இருந்தா நானே போய் ஏத்திட்டு வந்துருவேன்," என்றார். மேலே சாலையில் சாமியாரின் ஸ்கூட்டர் போகிற சத்தம் கேட்டது. ஜோசப்பின் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். குளிர் காற்று என்றாள்.

பக்கத்து வீட்டு வள்ளி பால் கொண்டு வந்தவள், "சாமியார நேத்துக் கடையில..." என்று ஆரம்பித்தாள். ஜோசப்பின் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

வள்ளி வாயில் கை வைத்துக்கொண்டாள். "என்ன சோலிக்கா பாத்துக்கிட்டிருக்கீங்க? அவங்களுக்கு நட்சத்திரம், உங்களுக்கு எண்ணெய். ரெண்டுக்கும் நடுவுல அந்த மனுசன் கெடக்காரு."

"அவிட்டம் கழியட்டும்னு பாக்கிறேன் வள்ளி."

"அவிட்டம் கழிஞ்சிருச்சுக்கா. இன்னிக்குப் பூரட்டாதி."

அது ஜோசப்பினுக்கும் தெரியும். இப்போதெல்லாம் தேவசேனாவின் போன் வந்தால் அவள்தான் முதலில் கேட்டாள், "இன்னிக்கு எது தாயி, எப்ப முடியும்?" என்று. கணவருக்குக் கஞ்சி ஊட்டும்போது, இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று கெஞ்சினாள். அவர் கண் அசந்தால் தோளைத் தொட்டு எழுப்பினாள். வலி தாங்காமல் அவர், "விட்டுரு ஜோசப்பினு," என்றபோது, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, கொஞ்சம்தான்," என்றாள். எதற்குப் பொறுக்கச் சொல்கிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவள் ஆசையாகச் சொல்கிறாள் என்றே எடுத்துக்கொண்டார்.

கடைசி நாள் சாயந்தரம் அவருடைய பேச்சு குழறியது. இருட்டுவதற்குள் நின்றுவிட்டது.

காலையில் தேவசேனாவின் போன் வந்தது. "முடிஞ்சிருச்சுக்கா! ரேவதி போயிருச்சு. இனி பயமில்ல." அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். ஜோசப்பின் போனை வைத்துவிட்டு, சால்வையைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள்.

சாமியார் உடனே வந்தார். கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு, இருதயசாமியின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். பிறகு நிமிர்ந்து, "பேச்சு இருக்கும்போதே கூப்பிட்டிருக்கலாமேம்மா. நான் எங்கயும் போகலையே, இங்கதான இருந்தேன்," என்றார்.

இருதயசாமிக்குக் காது நன்றாகக் கேட்டது. கண்ணைத் திருப்பி ஜோசப்பினைப் பார்த்தார்.

அவள் பயந்தது நடக்கவில்லை. எண்ணெய் காய்ந்தது. அவர் போகவில்லை. அன்றைக்கும் போகவில்லை, அந்த வாரமும் போகவில்லை. ஊட்டினால் விழுங்கினார், புரட்டினால் புரண்டார். பேச்சு மட்டும் வரவில்லை. அவள் அறைக்குள் எங்கே நின்றாலும் அந்தக் கண் அங்கே வந்தது. கோபமாக இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அது கோபம் இல்லை, கேள்வி. அவள் ஒருநாள் அவர் காலடியில் உட்கார்ந்து, வீட்டையும் முன்பணத்தையும் நட்சத்திரத்தையும் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார். கேட்டு முடித்த பிறகும் அதே மாதிரிதான் பார்த்தார்.

ஆடி முடியும் சமயத்தில் நட்சத்திரங்கள் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தன. தேவசேனாவின் போனும் திரும்பி வந்தது. "அக்கா, ஆவணி பிறக்கப் போகுது. இந்த ஒரு தடவ மட்டும் தாண்டிட்டா..."

"நான் ஒண்ணும் செய்யப்போறதில்ல தாயி," என்றாள் ஜோசப்பின்.

அவிட்டத்தன்று சாயந்தரம், கோயிலில் ஜெப மணி அடித்து ஓய்ந்த சற்று நேரத்தில், இருதயசாமி மூச்சை விட்டார். ஜோசப்பினும் வள்ளியும் பக்கத்தில் இருந்தார்கள். சத்தமே இல்லை. கண் மட்டும் மூடவில்லை, ஜோசப்பின்தான் மூடிவிட்டாள்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை, காலையில் விசாரித்தது போதாமல் தேவசேனா மறுபடியும் போன் பண்ணினாள்.

"போயிட்டாரு," என்றாள்.

மறுமுனையில் ஒரு மூச்சு உள்ளே இழுபட்டது. பிறகு, "எத்தன மணிக்குக்கா? மத்தியானம் ரெண்டு மணி வரைக்கும் முன்பாதிதான். அதுக்கு முன்னாடின்னா தோஷமே இல்ல."

வள்ளிக்கு அது கேட்டது. சொல்லிவிடுங்கள் என்று கையால் ஜாடை காட்டினாள்.

"ரெண்டுக்கு முன்னாடின்னு ஒரு வார்த்த சொல்லுங்கக்கா," என்று தேவசேனா கெஞ்சினாள். "நாங்க வேற யாருகிட்டயும் விசாரிக்க மாட்டோம். நீங்க சொன்னா நம்பிருவோம். சத்தியமா நம்பிருவோம்க்கா."

"சாயந்தரம் தாயி. கோயில் மணி அடிச்சப்புறம்."

"அக்கா..."

"அவருகிட்டச் சொன்ன பொய்யே எனக்குப் போதும்."

தேவசேனா அழ ஆரம்பித்தாள். வீடு போனதற்காக அழுகிற அழுகைதான். ஆனாலும் உண்மையான அழுகை. நடுவில் செந்தில்வேலின் குரல், "என்னடி, என்ன சொன்னாங்க, எத்தன மணியாம்?" என்று கேட்டது. ஜோசப்பின் போனை அணைக்கவில்லை. அது அழுதுகொண்டிருக்க, அப்படியே மேசையில் வைத்துவிட்டு, அலமாரியில் இருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்து நீளவாக்கில் கிழித்தாள். வள்ளி அவர் தலையைத் தூக்கிப் பிடிக்க, தாடை விறைப்பதற்குள் வாயைச் சேர்த்துக் கட்டினாள்.