பச்சை வட்டம் போட்ட பீலி

கலாராணி டீச்சருக்கு வயிறு எரிந்தது. கண்டிக்கு இறங்கும் பஸ்ஸில், முன் சீட்டிலிருந்த றஞ்சனாவின் மடியில் சுருட்டிக் கிடந்த வரைபடத்தைப் பார்க்கப் பார்க்க அந்த எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

பத்தொன்பது வருஷம். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் என்றால் கலாராணிதான். கூரை ஒழுகிய காலத்தில் வாளி வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவள். றஞ்சனா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து முழுசாக ஒன்றரை வருஷம் ஆகவில்லை. அதற்குள் நீர் மாசு பற்றிய ஆசிரியர் பயிற்சிக்கு அவள் பெயரை எழுதி அனுப்பிவிட்டார் அதிபர். மலையில் விழும் மழை எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே அழுக்காகிறது என்று பள்ளிக்கூடத்தின் நீரேந்துப் பகுதியை வரைந்து கண்டியில் காட்ட வேண்டும். வலயத்து விஞ்ஞான ஆசிரியர்கள் எல்லாரும் பார்க்க வருவார்கள். நன்றாகக் காட்டுகிறவரை வளவாளர் ஆக்குவார்கள். வலயத்துப் பள்ளிக்கூடமெல்லாம் போய் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. கலாராணி அதற்காக எத்தனை வருஷம் காத்திருந்தாள்! வாய் திறந்து கேட்டாளா என்றால், இல்லை. கேட்காமலே கொடுக்கத் தெரியாதா இந்த மனுஷருக்கு?

"பிள்ளைகளுக்கு அவங்க பேச்சு ரொம்பப் புடிச்சிருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னார் அதிபர். அந்த ஒரு வார்த்தை இரண்டு மாதமாக அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் றஞ்சனா வரைபடத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தாள். சமவுயரக் கோடுகளைப் பார்த்து ஒவ்வொரு சரிவுக்கும் நிறம் தீட்டியிருந்தாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் மேல் லயத்துக் கழிவுநீர் மலையின் இடப்பக்கம் இறங்கி ஓடைக்குப் போகிறது என்று அங்கே சிவப்பு. வலப்பக்கம், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பாறை ஊற்று தகரக் குழாய் வழியாக விழுகிற பீலி. அதைச் சுற்றிப் பச்சை வட்டம். தண்ணீரைச் சோதித்தபோதும் சுத்தம் என்றே வந்திருந்தது.

"ரீச்சர், நீங்கள் இந்த மலையிலயே பிறந்து வளர்ந்தனீங்கள். ஒருக்கா வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ, பிழை ஏதும் இருக்கோ?"

பார்த்தவுடனே கலாராணிக்குப் பிழை தெரிந்துவிட்டது. மேல் லயத்துக்குக் கீழே ஒரு கான் இருக்கிறது. மண்ணை மழை அரிக்காமலிருக்கத் தேயிலைக்குக் குறுக்கே வெட்டும் வாய்க்கால். அதை எந்த வரைபடத்திலும் குறித்திருக்க மாட்டார்கள். அவளுடைய அப்பா காளிமுத்து மண்வெட்டி பிடித்து வெட்டிய கான் அது. வெயிலில் காய்ந்து கிடக்கும். மழை பிடித்தால் லயத்து அழுக்கையெல்லாம் வாரிக்கொண்டு, மலையைச் சுற்றி வலப்பக்கம் வந்து, பீலிக்கு மேலேயே கொட்டும். றஞ்சனா தண்ணீர் எடுத்ததோ மாசி வெயிலில்.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் கலாராணி.

வாய் அப்படிச் சொன்னது. மனசு வேறு கணக்குப் போட்டது. போ மகளே, கண்டிக்குப் போய்க் காட்டு. சபை நடுவில் எழும்பி, கான் எங்கே என்று நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அப்போது தெரியும் யாருக்கு இந்த மலையைத் தெரியுமென்று.

வரைபடத்தின் பிரதி ஒன்று வகுப்புச் சுவரில் ஏறியது. வீட்டிலிருந்து கொதித்தாறிய தண்ணீர் கொண்டுவந்த பிள்ளைகள், பச்சை என்றால் குடிக்கலாம் என்று வெறும் போத்தலோடு பீலிக்கு ஓடினார்கள். கடைசி வாரம் மழையும் பிடித்துக்கொண்டது. கலாராணி ஜன்னலில் நின்று பார்த்தாள். இன்னும் நாலு நாள்தானே, கண்டியில் கேட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். நேற்று ஏழாம் வகுப்பில் மூன்று கதிரை காலி. வயிற்றோட்டம் என்றார்கள். கண்டதைத் தின்றிருப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினாள்.

கண்டி மண்டபத்தில் றஞ்சனா வரைபடத்தை விரித்தாள். முன்வரிசையில் பயிற்சி அதிகாரி திருச்செல்வம். கலாராணி தன் கேள்வியை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"இதை வரைஞ்சது மட்டும்தான் நான்" என்றாள் றஞ்சனா. "எனக்குக் கோடுதான் தெரியும், மலை தெரியாது. கலாராணி ரீச்சர் சரியெண்டு சொன்ன பிறகுதான் நிறம் அடிச்சனான். கீழ அவவின்ர பெயர்தான் முதல் இருக்கு."

இருந்தது. 'நிலத்தைச் சரிபார்த்தவர்: திருமதி கலாராணி' என்று, றஞ்சனாவின் பெயருக்கும் மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில்.

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்தே வளவாளரா வாங்கோவன்" என்றார் திருச்செல்வம். கைதட்டினார்கள். றஞ்சனா சிரித்துக்கொண்டே அவளை மேடைக்குக் கூப்பிட்டாள்.

அடி பாவி, இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா! கலாராணி எழுந்து போனாள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கினால் போதும், பத்தொன்பது வருஷத்துக் கனவு கையில். மண்டபத்துக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையைக் கேட்டுக்கொண்டு கும்பிட அவளால் முடியவில்லை. மேசையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்தாள். மேல் லயத்திலிருந்து மலையைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, பச்சை வட்டத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இங்க ஒரு கான் இருக்கு. மழ பேஞ்சா லயத்து அழுக்கு இந்தப் பீலிக்குத்தான் வருது."

"நேற்றைய மழையிலதானே கண்டனீங்கள் ரீச்சர்?" றஞ்சனா அப்போதும் அவளை நம்பித்தான் கேட்டாள்.

"இல்ல. நீங்க காட்டுன அன்னைக்கே தெரியும். பொறாமையில சொல்லாம விட்டேன்."

றஞ்சனா ஃபோனை எடுத்து அதிபரைக் கூப்பிட்டாள். "சேர், பிள்ளையளைப் பீலித் தண்ணி குடிக்க விடாதையுங்கோ. ஓம், இப்பவே." பிறகு ஃபோனைக் கலாராணியிடம் நீட்டினாள்.

"இண்டைக்கு எத்தனை பிள்ளையள் வரேல்லையெண்டு நீங்களே கேளுங்கோ."

கலாராணி வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள்.

"ஒம்பது பேர் டீச்சர்" என்றார் அதிபர். "ஏன், என்ன விஷயம்?"