பழசை எப்போது மூடுவது?

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். எங்கள் ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்மேசையில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்திருந்தால் மத்தளமே என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டிருக்கும்.

வருகிறவரின் பெயர், வயது, என்ன பரிசோதனை என்று முதல் சாப்ட்வேரில் அடிப்பேன். அதையே இரண்டாவதிலும் அடிப்பேன். இரண்டாவது வந்தபோது, "கொஞ்ச நாள் ரெண்டும் ஓடட்டும்மா, ஒரு பாதுகாப்புக்கு" என்றார் எங்கள் டாக்டர். அந்தக் கொஞ்ச நாளில் என் மகள் நடக்கப் பழகி, பேசப் பழகி, வாயாடவும் பழகிவிட்டாள். வீட்டுக்காரருக்கு வெளியூர் வேலை. குழந்தைகள் காப்பகத்தில் மற்ற பிள்ளைகள் எல்லாம் போன பிறகு, இருட்டும் நேரத்தில் கடைசிப் பிள்ளையாக அவளை அழைத்து வருவேன். அந்த வாசலில் தினமும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

இந்த லட்சணத்தில் மூன்றாவது சாப்ட்வேர் விற்க ஒருவர் வந்தார். இனி எல்லாமே ஒரே இடத்தில் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் மட்டும் கேட்டேன்.

"பழசை எப்ப சார் மூடுவோம்?"

"முதல்ல இது வரட்டும்மா. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர்.

"பாத்துக்கலாம்னு சொல்லித்தான் சார் ரெண்டையும் நான் ஒருத்தியே பாத்துக்கிட்டிருக்கேன்."

ஊசி சிரித்துவிட்டான். ரத்தம் எடுக்கிறவன், நாங்கள் வைத்த பெயர்தான் அது. டாக்டருக்குச் சுருக்கென்றது. "சரி, நீயே திட்டம் போட்டுக் குடு" என்றார். கேள்வி கேட்டவர் தலையிலேயே வேலையைக் கட்டுவது எங்கள் இடத்து வழக்கம்.

போட்டேன். பழைய நோயாளிகளின் விவரத்தைப் புதுசுக்கு யார் மாற்றுவது, யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பது, நடுவில் நின்றுபோனால் என்ன செய்வது, பழசை என்றைக்கு மூடுவது. ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டேன். கூட்டிப் பெருக்கும் அக்காவிடம்கூடக் கேட்டேன். "கம்ப்யூட்டர் மேல தூசி தட்டுறதோட என் வேலை முடிஞ்சுதும்மா" என்றாள். மூடுகிற நாள் வரும்வரை நான் பட்ட பாடு நாய் படாது.

அந்த நாளும் வந்தது. ஊசி மட்டும் என் மேசைப் பக்கம் வந்து நெளிந்தான்.

"பழசு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமேக்கா. பாவம்."

"ஓரமா இருக்கிறதுக்கும் தினம் டைப் அடிக்கிறவ நான்டா. எனக்குப் பாவம் பாக்க இங்க யாரு இருக்கா?"

புதுசை மட்டும் வைத்துக்கொண்டு பழைய இரண்டையும் மூடினேன். ஒரு துக்கமும் இல்லை. வெயில் தாழாத சாயங்காலத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது, தெருவில் இவ்வளவு பேர் இந்த நேரத்துக்கே வீட்டுக்குப் போகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

காப்பகத்து முற்றத்தில் பிள்ளைகள் மூன்று சக்கர சைக்கிளுக்கு வரிசையில் நின்றார்கள். என் மகள் எல்லோருக்கும் பின்னால். என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள் என்று கையை விரித்தேன். அவள் முகம் சுருங்கியது.

"ஏன்மா இப்பவே வந்த?"

"உன்னைக் கூட்டிட்டுப் போகத்தான்டி. இனிமே தினமும் சீக்கிரம் வருவேன்."

"போம்மா! நான் கடைசியா ஓட்டிக்கிறேன்னு எல்லாருக்கும் விட்டுக்குடுத்துட்டேன். நீ லேட்டாதானே வருவ? எல்லாரும் போனப்புறம் சைக்கிள் எனக்கு மட்டும்தான். தினமும் அப்படித்தான்."

யார் யாரிடமோ போய்க் கேட்டேன். எவளுக்காக இத்தனையும் செய்தேனோ அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் தாமதத்தை வைத்து அவளே ஒரு திட்டம் போட்டு, இத்தனை நாளும் அழாமல் பிழைத்திருக்கிறாள்.

"சரி, ஓட்டி முடிச்சிட்டே வா" என்றேன்.

காப்பகத்து ஆயா எனக்கு ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். மற்ற அம்மாக்கள் ஒவ்வொருவராக வந்து பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். கடைசிப் பிள்ளையும் போன பிறகு என் மகள் சைக்கிளில் ஏறினாள். நாங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் இருட்டியிருந்தது.