இரண்டாவது காது

ஆரபிக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. குழந்தையின் பையைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தாள். என்ன தேடுகிறாய் என்று கணவன் ஸ்ரீநாத் கேட்டதற்கு, துடைக்கிற துணி என்றாள். துணி அவள் தோளிலேயே கிடந்தது. பத்து மாதக் குழந்தை தாரணிக்கு அன்று காதுகுத்து. சிங்கப்பூர் தேக்காவில் மண்டபம் எடுத்தாயிற்று, சாப்பாட்டுக்குச் சொல்லியாயிற்று, மாமியார் லீலா பட்டுப்புடவை கட்டித் தயாராக உட்கார்ந்திருந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அப்படிச் சொல்லலாம் என்று ஆரபிக்குத் தோன்றியதே போன மாதம்தான்.

எல்லாம் அண்ணன் யதீசன் மூட்டிவிட்ட வினை. ஆரபி கால்நடை மருத்துவர். பிடோக்கில் ஒரு சின்ன மருத்துவமனையில் வேலை. யதீசன் அடுக்குமாடியை விட்டுத் தரைவீட்டுக்குக் குடிபோன கையோடு ஒரு டோபர்மேன் நாய்க்குட்டி வாங்கினான். காப்பி நிறத்தில் கறுப்பும் பழுப்புமாக இருந்ததால் அதற்குக் கோப்பி என்று பெயர். நல்ல குட்டிதான். ஆனால் காதுகள் பிறந்தபடியே தொங்கிக்கொண்டிருந்தன, அது யதீசன் துரைக்குப் பிடிக்கவில்லை. வெட்டித் தைத்துக் கட்டுப்போட்டால் காது கூராக நிமிர்ந்து நிற்குமாம், டோபர்மேன் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டுமாம், நீயே செய்துகொடு என்று தங்கையிடம் தூக்கிக்கொண்டு வந்தான்.

ஆரபிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. வரவேற்பறையில் நாலு பேர் பார்க்க, அண்ணன் என்றும் பாராமல் பொரிந்து தள்ளினாள். நோயில்லை, புண்ணில்லை, உன் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக அதன் காதை அறுப்பதா என்று கேட்டாள்.

“வலி ஆறிடும்ணா. வேணாம்னு சொல்ல வாயில்லாததுகிட்ட நம்ம இஷ்டத்துக்குச் செய்றோம் பாரு, அதுதான் தப்பு.”

யதீசன் குட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கதவு வரை போய்த் திரும்பினான்.

“அடுத்த மாசம் உன் மகளுக்குக் காது குத்தறப்ப நான்தான் மடியில வச்சுப் பிடிக்கப்போறேன். அவகிட்ட கேட்டுட்டியா?”

கேட்டுவிட்டுப் போய்விட்டான். போனவன் சும்மா இருக்கவில்லை; யாரோ ஒருவனைப் பிடித்து வேலையை முடித்துவிட்டான். காதிரண்டும் கட்டுக்குள் விறைத்து நிற்கக் கோப்பி தரையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் படம் ஆரபியின் போனுக்கு வந்தது. அவள் படத்தை மூடிவிட்டாள்.

மூடினாளே தவிர, மனசு விடவில்லை. ரயிலில் நின்றுகொண்டே தனக்குள் வாதாடினாள். நாயின் காதை அறுப்பதும் ஊசிமுனைத் துளையும் ஒன்றா? ஒன்றில்லை, அது அவளுக்குத் தெரியாதா என்ன. வேண்டாமென்று விட்டால் துளை தூர்ந்துகூடப் போகும். அவள் காதிலும் அதே துளைதான். ஜிமிக்கி போட்டுக் கண்ணாடி முன்னால் தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்தவள்தான். ஆனால் அண்ணனிடம் வலியைப் பற்றியா பேசினாள்? கேட்காமல் செய்வதைப் பற்றியல்லவா பேசினாள். சொன்ன வார்த்தையை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. ஸ்ரீநாத்திடம் சொல்லிப் பார்த்தாள். நீ ரொம்ப யோசிக்கிறே லா என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். மாமியாரிடம் ஆரம்பிக்கக்கூட இல்லை. பெண் குழந்தை வெறுங்காதோடு இருப்பதைப் பார்க்கப் பார்க்கத் தன் வயிறு எரிகிறது என்று அவர் முந்திக்கொண்டார்.

இதற்கிடையில் தாரணி புதிதாக ஒரு வித்தை கற்றிருந்தாள். எதைக் கேட்டாலும் இல்லை என்று தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவாள். பால் வேணுமா என்றால் குடித்துக்கொண்டே ஆட்டுவாள். அப்பா வேணுமா என்றால் அப்பாவின் சட்டையைப் பிடித்தபடியே ஆட்டுவாள். வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். அதையெல்லாம் படம் பிடித்து லீலா சொந்தபந்தம் முழுக்க அனுப்பிவைத்தார்.

மண்டபத்துக்கு யதீசன் தாய்மாமன் சீரோடு வந்தான். தட்டில் பட்டுப்பாவாடை, சிவப்புப் பெட்டியில் ஒரு ஜோடித் தோடு. தங்கையின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். சிராங்கூன் சாலை நகைக்கடையிலிருந்து வந்திருந்த பத்தர் அண்ணாதுரை, காதில் சந்தனப்பொட்டு வைத்து இடம் பார்த்தார். பத்துப் பன்னிரண்டு போன்கள் உயர்ந்தன. ஆரபி தூணுக்குப் பின்னால் போனாள், திரும்ப முன்னால் வந்தாள்.

இடது காது கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. தாரணிக்கு முதலில் சத்தமே வரவில்லை, வாய் மட்டும் திறந்திருந்தது. பிறகு அலறினாள். அலறிக்கொண்டே தலையைத் திருப்பி, தன்னைப் பிடித்திருப்பது யார் என்று மாமனை அண்ணாந்து பார்த்தாள்.

யதீசன் எழுந்துவிட்டான். நேராக ஆரபியிடம் வந்து குழந்தையைக் கையில் கொடுத்தான்.

“என்னால முடியல ஆரபி. கோப்பி இப்பல்லாம் என்னப் பார்த்தாலே சோபாவுக்கு அடியில போயிடுது.”

மண்டபம் சலசலத்தது. தாய்மாமன் பாதியில் எழுந்தால் என்ன அர்த்தம் என்று யாரோ கேட்டார்கள். லீலா நிலைமையைச் சமாளித்தார். பெற்றவள் பிடித்தால் ஒன்றும் குறைந்துவிடாது, ஒற்றைக் காதோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா, உட்காரம்மா என்றார். எல்லோரும் ஆரபியையே பார்த்தார்கள். அவள் உட்கார்ந்தாள்.

அவள் யோசிப்பதற்குள் கை தன் தொழிலைச் செய்துவிட்டது. ஒரு கை குழந்தையின் இரண்டு கையையும் சேர்த்து அணைத்தது, மற்றது கன்னத்தைத் தாங்கித் தலையை நெஞ்சோடு சேர்த்தது. தினமும் மேசைமேல் நாய்களையும் பூனைகளையும் அவள் பிடிக்கும் பிடி அது. நல்லாப் பிடிக்கிறீங்க என்று பத்தர் பாராட்டினார். தாரணியும் அடங்கிவிட்டாள். வலி போனதால் அல்ல, பிடித்திருப்பது அம்மா என்பதால்.

பத்தர் பிள்ளைகளிடம் பழகியவர். சிரிப்புக் காட்டத்தான் கேட்டார்.

“இன்னொண்ணும் போட்டுக்கலாமா, பாப்பா?”

கன்னத்தில் கண்ணீர் காயாமல் தாரணி தலையை ஆட்டினாள். மண்டபம் கொல்லென்று சிரித்தது. தலையை மட்டும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார் பத்தர். ஆரபியின் உள்ளங்கைக்குள் அந்தச் சின்னத் தலை இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டே இருந்தது. அவள் கையை எடுத்துவிட்டாள்.

“போதும். விட்டுடுங்க.”

“அது எல்லாத்துக்கும் அப்படித்தானேம்மா ஆட்டும்?” என்றார் லீலா.

“தெரியும் அத்தை. ஆனா கேட்டாச்சு. வேணாங்கறா.”

லீலாவின் முகம் சிவந்தது. விளையாட்டுக்கு ஆட்டுகிறது என்பதை நிரூபித்துவிடும் வேகத்தில் இரண்டு கையையும் நீட்டி, பாட்டிகிட்ட வர்றியா என்று கேட்டார். தாரணி பலமாகத் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டியின் மேல் தாவினாள். பார்த்தாயா என்பதுபோல் லீலா மருமகளைப் பார்த்தார். சபையும் பார்த்தது. ஸ்ரீநாத் போனைக் கீழே இறக்கினான்.

அந்தத் தலையாட்டலில் அர்த்தம் ஏதாவது இருந்ததா, ஒன்றுமே இல்லையா என்று ஆரபிக்கும் தெரியாது. தெரியாத நிலையில் இறுக்கிப் பிடிக்க அவளுக்குக் கை வரவில்லை. மிச்சமிருந்த ஒற்றைத் தோட்டைச் சிவப்புப் பெட்டியில் வைத்து மூடி, கொண்டுவந்த அண்ணனிடமே கொடுத்தாள்.

“வச்சிரு. அவளாக் கேக்கறப்ப கொண்டா. சாயங்காலம் கோப்பிய வீட்டுக்குக் கூட்டிட்டு வா, காதுல போட்ட கட்டை நான் பார்க்கறேன்.”

யதீசன் பெட்டியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். “கோப்பி என்னை நம்பி இனி காரை விட்டு இறங்காது,” என்றான்.