நூற்றேழிலிருந்து அழைப்பு

செத்துப்போனவள் காலை எட்டு நாற்பதுக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார்கள்? மதுமதி எடுக்கவில்லை. பத்து நாளாக எடுக்கவில்லை. கணினித் திரையில் 'செல்லக்கிளி, 107' என்ற பெயர் பச்சையாக மினுங்கும். காதுமாட்டியில் மணி அடிக்கும். பிறகு தானாக ஓயும்.

வண்ணார்பேட்டையில் ஒரு செருப்புக்கடையின் மாடியில் அவர்கள் இருவரும் வேலை பார்த்த கம்பெனி இருந்தது. இணையம் வழியாகத் தொலைபேசி வசதி செய்து கொடுப்பது கம்பெனியின் தொழில். ஜவுளிக்கடை, ஸ்கேன் சென்டர், கல்யாண மண்டபம் என்று நூற்றைம்பது வாடிக்கையாளர்கள். பேசுகிற பேச்செல்லாம் பதிவாகி மேகத்தில் நிற்கும் என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். மேகம் என்றால் பொதிகை மலைமேல் நிற்பது அல்ல. எங்கோ வெளியூரில் குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருக்கும் கணினிகள்தான். மழை பெய்யாத மேகம். ஆனால் ஒரு சொல்லைக்கூட மறக்காது.

வேலையாட்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். செல்லக்கிளிக்கு நூற்றேழு. செல்போனில் கம்பெனிச் செயலி இருந்தால் போதும், எங்கிருந்தும் அந்த எண்ணில் பேசலாம். ஆள் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே எண்ணை அழித்துவிடுவது வழக்கம். எண் போனால் அதன் பதிவுகளும் சேர்ந்து போகும்; ஒரு பதிவை மட்டும் தனியாக அழிக்க முடியாது. செல்லக்கிளி விஷயத்தில் முதலாளி சிவசண்முகம் தடுத்துவிட்டார். "பதினாறு கழியாம பேரை எடுக்கக் கூடாதும்மா. நம்ம வீட்டுப் புள்ள மாதிரி இருந்தா" என்றார். நல்ல மனுஷர். அவருடைய நல்ல மனசுதான் மதுமதியை வாட்டி எடுத்தது.

ஏனென்றால் அந்த நூற்றேழுக்குள் ஒரு பதிவு கிடந்தது. ஒரு நிமிஷம் பன்னிரண்டு விநாடி.

செல்லக்கிளி கருங்குளத்திலிருந்து ஸ்கூட்டியில் வேலைக்கு வருகிறவள். செய்துங்கநல்லூர் தாண்டி ஒரு வளைவில் தண்ணீர் லாரியில் மோதிவிட்டாள். அன்று காலை அவளிடம் பேசினீர்களா என்று போலீஸ் கேட்டது, முதலாளி கேட்டார், சாவு வீட்டில் பெண்கள் கேட்டார்கள். மதுமதி எல்லாரிடமும் இல்லை என்றாள். முதல் பொய் வாயில் வந்தது. மற்றவை அதன் பின்னால் வந்தன. செல்போன் கம்பெனி கொடுத்த பட்டியலில் செயலி வழியாகப் பேசியது வராது. அது அவளுக்குத் தெரியும். அவள் பேசியதைக் காட்டிக் கொடுக்க அந்தப் பதிவு ஒன்றுதான் இருக்கிறது என்று நினைத்தாள். பதினாறாம் நாள் வந்தால் அதுவும் இல்லை.

அவள் ராட்சசி இல்லை. பயந்தவள். சோற்றில் கை வைத்தால் அந்த மணி காதில் அடித்தது. குளிக்கும்போது அடித்தது. திருச்செந்தூருக்குப் போய்க் கடலில் முங்கி எழுந்தாள், தண்ணீருக்குள்ளும் அடித்தது.

பதினாறாம் நாள் காலை சிவசண்முகம் வந்து, "இன்னைக்கு எடுத்துரும்மா" என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனார். மதுமதி நூற்றேழைத் திறந்து, அழிப்பதற்கான பொத்தான்மேல் அம்புக்குறியை வைத்தாள். மணி எட்டு நாற்பது. பச்சைப் பெயர் மினுங்கியது.

ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. இதுதான் கடைசி என்ற தைரியமோ என்னவோ.

"தாயி, எடுத்துட்டியா?" ஒரு கிழட்டு ஆண்குரல். "நான் சுடலைக்கண்ணு. செல்லக்கிளி அப்பன்."

வாழைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறவர். சாவு வீட்டில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்.

"போலீசு போனைத் திருப்பித் தந்துட்டு. இதுல கடைசியா ஒம் போட்டோதான் இருக்கு. தெனமும் இந்நேரம் அதைத் தொடுதேன். நீ எடுக்கல. வேலையா இருந்திருப்ப."

மதுமதி முதலாளியின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அவ கடைசியா ஒங்கிட்டதான் பேசிருக்கா. அழுதாளா தாயி? அன்னைக்குக் காலைல நான் அவளை ஏசிட்டேன். ஒண்ணுமில்லாத விசயம். சாப்பிடாம வண்டிய எடுத்துட்டுப் போயிட்டா. கண்ணுல தண்ணி வச்சுக்கிட்டு ஓட்டுனா ரோடு எங்கன தெரியும்? நான்தான் கொன்னுட்டேன்னு ஊரே சொல்லுது. சொல்லாட்டாலும் எனக்குத் தெரியாதா?"

அழவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவளுடைய வெறும் சொல்லை அவர் நம்பவா போகிறார்? அவளுடைய பழியை ஒரு கிழவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு தினமும் நடக்கிறார் என்பது நெஞ்சில் குத்தியது. அழிக்கும் பொத்தானைவிட்டு அம்புக்குறியை நகர்த்தினாள். அவருக்கும் கேட்கும்படி பதிவை ஓடவிட்டாள்.

"அக்கா, வண்டில வந்துக்கிட்டு இருக்கேன். ஆபீஸ் வந்து சொல்லட்டா?"

"ஒரு நிமிசம்தானட்டி. ஜவுளிக்கடையில லைன் ஒண்ணும் வேலை செய்யல, ஆடிக் கூட்டம் நிக்குது, அந்த ஆளு உயிரை எடுக்காரு. பாஸ்வேர்டைச் சொல்லு."

செல்லக்கிளி சிரித்தாள். நன்றாக, வாய்விட்டு. "எழுதி வச்சுக்கிடுங்கன்னு அன்னைக்கே சொன்னேம்லா?" பிறகு ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். காற்று இரைந்தது. ஓர் எண், இன்னோர் எண். லாரியின் ஹாரன். அதற்குமேல் மதுமதியின் குரல்தான்: "செல்லக்கிளி? ஏட்டி, கடைசி ரெண்டு நம்பர் கேக்கல."

சிக்னல் போய்விட்டது என்றுதான் அன்று நினைத்தாள். கடைசி இரண்டு எண்ணையும் ஊகித்துப் போட்டாள். திறந்துகொண்டது. கடைக்காரர் நன்றி சொன்னார்.

அந்தப் பக்கம் சுடலைக்கண்ணு விம்முவது கேட்டது. "சிரிக்கா! எம் புள்ள சிரிச்சுக்கிட்டுதான் போயிருக்கா. எங்கிட்ட கோவம் இல்ல பாத்தியா? நீ நல்லாயிருப்ப தாயி." மூக்கை உறிஞ்சினார். "இன்னொருக்கா போடு."

மறுபடி போட்டாள். இந்தமுறை அவர் அழவில்லை. மகள் குரலை முதல் தடவையே குடித்துவிட்டார். இப்போது மற்றக் குரலையும் கேட்டார். பதிவு முடிந்தது. வீட்டில் பதினாறுக்கு வந்தவர்களின் சத்தம் அவருக்குப் பின்னால் கேட்டது.

"தாயி."

"சொல்லுங்கய்யா."

"வண்டில வாரேன்னு சொல்லுதாளே. நீ போனை வைக்கலியா?"

சிவசண்முகம் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். இந்தப் பேச்சும் மேகத்தில் பதிவாகிக்கொண்டிருக்கிறது என்று மதுமதிக்குத் தெரியும்.

"இல்லய்யா," என்றாள். "வைக்கல."